பித்தளை வளையங்கள்

கியர் எண்ணெயின் நெடியை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறப்பதில்லை. அழுகிய முட்டையும் ஈரம்பட்ட தீப்பெட்டியும் கலந்தாற்போல இருக்கும். சட்டையில் ஒரு சொட்டுப் பட்டால் இரண்டு மூன்று சலவை தாண்டியும் போகாது. அந்த நெடிக்குக் காரணம் கந்தகம். எந்தக் கியர் பெட்டிக்கு எவ்வளவு கந்தகம் என்பதில் நான் செய்த பிழை ஒன்றைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம். இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் வீட்டு வண்டி, அப்பா 1997-இல் வாங்கிய மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி, நான்கு கியர். 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன அந்த ரகத்தில், இன்றும் கோவைத் தெருக்களில் மிச்சமிருக்கும் சிலவற்றுள் ஒன்று. அப்பாவுக்கு வண்டி என்பது கணக்கு வைக்கவேண்டிய பொருள். பழைய டைரி ஒன்றில் எரிபொருள், டயர், பிரேக் லைனிங் எல்லாவற்றுக்கும் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவைத்திருந்தார். 2017-இல் கண் பார்வை குறைந்து, மருத்துவர் ஓட்டக்கூடாது என்று சொன்ன அன்று மாலை, சாவியையும் அந்த டைரியையும் சேர்த்தே என்னிடம் கொடுத்தார். நான் சாவியை மட்டும் பயன்படுத்தினேன்.

இரண்டு வருடம் கழித்து எனக்கு ஒரு ஞானம் வந்தது. அப்பா பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டிக்கு நான் ஒன்றுமே செய்யவில்லையே என்ற குற்றவுணர்வு என்றும் சொல்லலாம். இன்ஜின் எண்ணெய் மாற்றினேன். அதோடு கியர் எண்ணெயையும் மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன். ஆயில் கடையில் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார்கள். இரண்டிலும் 80டபிள்யூ-90 என்றே போட்டிருந்தது. ஒன்றில் ஜி.எல்-4, மற்றதில் ஜி.எல்-5. ஐந்தின் விலை கூடுதல். கடைக்காரர் எதையும் வற்புறுத்தவில்லை. "எந்த வண்டிங்க?" என்று கேட்டார். நான் வண்டியின் பெயரைச் சொல்லாமல், "நல்லதா குடுங்க" என்றேன். நான்கைவிட ஐந்து பெரிது என்று ஒன்றாம் வகுப்பில் கற்றதை அதற்குப் பிறகு எவரும் எனக்குத் திருத்தியதில்லை. அப்பாவின் வண்டிக்கு உயர்ந்ததை வாங்கிவிட்ட நிறைவோடு வீட்டுக்கு வந்தேன்.

முதல் சில வாரங்கள் வித்தியாசம் தெரியவில்லை. கியர் விழுவது மிருதுவாக இருப்பதாகக்கூடத் தோன்றியது; கூடுதல் விலை கொடுத்தவனுக்கு அப்படித்தான் தோன்றும். பிறகு காலையில் வண்டியை எடுத்த சிறிது நேரத்துக்கு, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது ஒரு சின்ன தயக்கம். அப்புறம் ஒரு உராய்வுச் சத்தம். ஆறேழு மாதத்தில் 'கர்ர்ர்' என்று ஒரு கடி. கிளட்சைச் சரிசெய்தேன், கேபிளை மாற்றினேன். எண்ணெயைச் சந்தேகிக்கவில்லை. உயர்ந்த எண்ணெய் அல்லவா.

அந்த நாட்களில்தான் அப்பா வால்பாறைக்குப் போகவேண்டும் என்றார். நெடுஞ்சாலைத் துறையில் இளம் பொறியாளராக அவர் அங்கே சில வருடங்கள் இருந்தார். ஆழியாறு அணையைத் தாண்டியதும் தொடங்கும் அந்த மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். மாருதி 800 போன்ற சிறிய இன்ஜினுக்கு ஒவ்வொரு வளைவும் இரண்டாவது கியர்; சில இடங்களில் முதல் கியர். மூன்றில் வந்து, வளைவில் இரண்டுக்கு இறக்கி, திரும்பியதும் மறுபடி மூன்று. ஒரு கியர் பெட்டியின் இரண்டாவது கியரைச் சோதிப்பதற்கென்றே யாரோ அமைத்த பாதை போலிருக்கும்.

மூன்றாவது வளைவில் கடித்தது. ஐந்தாவது வளைவில் நன்றாகவே கடித்தது. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் காட்சிமுனையில் நிறுத்தினேன். கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் மூட்டமாகத் தெரிந்தது. அப்பாவுக்கு அது தெரிந்திருக்காது. பாறைமேல் வரையாடு நிற்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்சநேரம் கழித்து, "என்ன கண்ணு, கியர் கடிக்குது?" என்றார்.

"பழைய வண்டிதானேப்பா."

"போன வருசமும் பழைய வண்டிதான்" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

மேலே ஏறும்போதுதான் அவருடைய இடது காலைக் கவனித்தேன். ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் அது கால்மிதியை இரண்டு முறை அழுத்தியது. வண்டி ஓட்டிய காலமெல்லாம் அப்பா கியர் இறக்கும்போது கிளட்சை இரண்டு முறை மிதிப்பார். ஒருமுறை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, ஆக்சிலேட்டரை லேசாக ஒரு தட்டுத் தட்டி, மறுபடி மிதித்துக் கீழ் கியர். 'டபுள் கிளட்ச்' என்பார்கள் பழைய லாரி ஓட்டுநர்கள். அப்பா வண்டி ஓட்டக் கற்றது இலாகாவின் மகேந்திரா ஜீப்பில். அந்த ஜீப்பின் மூன்று கியர்களில் முதலாவதற்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. ஓடும்போது முதல் கியருக்கு இறக்கவேண்டுமென்றால் பற்சக்கரங்களின் வேகத்தை ஓட்டுநர்தான் காலாலும் காதாலும் சமன்செய்ய வேண்டும். தவறினால் பல் பல்லோடு மோதும். சொல்லிக்கொடுத்த ஜீப் ஓட்டுநர், சத்தம் வந்தால் முழங்காலில் அடிப்பாராம். அந்தப் பழக்கம் மாருதிவரை வந்துவிட்டது. மாருதியின் நான்கு முன்கியர்களுக்கும் சிங்க்ரோமெஷ் உண்டு. இரட்டை மிதி தேவையே இல்லை. கல்லூரி நாட்களில் இதை அப்பாவிடம் சொல்லிக் கேலி செய்திருக்கிறேன். "அதுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணுமில்ல" என்பார். எது என்று நான் கேட்டதில்லை.

கோவை திரும்பியதும் வண்டியை பாயின் பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். மாருதி 800 வந்த நாளிலிருந்து அதைப் பிரித்து மாட்டுபவர். ஒரு சுற்று ஓட்டிப்பார்த்தார். பெட்டியைக் கழற்றச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "முதல்ல ஆயில் பார்க்கலாம் தம்பி" என்றார். வண்டி சூடாக இருக்கும்போதே பள்ளத்தின்மேல் நிறுத்தி அடித்துளையைத் திறந்தார். கறுத்துத் தடித்த எண்ணெய் ஒரு கயிறுபோல இறங்கியது. விரலில் தொட்டு முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். தட்டில் தேங்கிய எண்ணெயை வெயிலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துக் காட்டினார்.

எண்ணெய்க்குள் தங்கப் பொடி.

அழகாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தட்டைச் சாய்க்கும் பக்கமெல்லாம் மெல்லிய பொன்துகள் படலமாகத் திரும்பி மின்னியது. பாய் ஒரு காந்தத்தை அதில் துழாவி எடுத்தார். காந்தத்தில் சாம்பல்நிறக் கூழாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. "இது இரும்பு. எல்லா வண்டியிலும் வரும்." தட்டில் காந்தத்துக்கு வராமல் மின்னிக்கொண்டிருந்ததைக் காட்டி, "இது பித்தளை. உங்க சிங்க்ரோ ரிங்" என்றார். பிறகு, "என்ன ஆயில் ஊத்தினீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அது கூட்டுக்கு ஊத்தறதுங்க தம்பி. பெட்டிக்கு இல்ல."

கூடு என்று அவர் சொன்னது பின் அச்சின் டிஃபரன்ஷியலை. அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்ததைப் புரிந்துகொள்ள எனக்குப் பல இரவுகள் ஆயின.

சிங்க்ரோ வளையம் என்பது பித்தளையாலான ஒரு சிறிய கூம்பு வளையம். கியர் மாற்றும்போது முதலில் இதுதான் போய் எஃகுப் பற்சக்கரத்தின் கூம்பைப் பற்றுகிறது. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டையும் உராய்வின் பிடியால் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிறது. வேகம் ஒன்றானதும் பற்கள் சத்தமின்றிச் சேர்கின்றன. முன்பு ஓட்டுநரின் காலும் காதும் செய்த வேலையை 1928-இல் காடிலாக் கார்களில் ஒரு வளையத்திடம் ஒப்படைத்தார்கள். வளையத்தின் உட்புறத்தில் மிக நுண்ணிய மரைகள் வெட்டியிருக்கும். கூம்பின்மேல் உள்ள எண்ணெய்ப் படலத்தை அறுத்து விலக்குவதற்காக அவை. அதாவது, எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் ஒரு பெட்டிக்குள், ஒரு கணம் எண்ணெய் இல்லாதது போன்ற பிடி தேவைப்படுகிறது. எண்ணெய் மிகவும் வழுக்கினால் வளையம் பற்றாது. பற்றாவிட்டால் வேகம் சமனாகாது. பல் பல்லோடு மோதும்.

எண்ணெய் என்றால் உராய்வைக் குறைப்பது, மேலும் குறைப்பது மேலும் நல்லது என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஜி.எல் என்ற எண்கள் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்தவை. அவை பரீட்சை மதிப்பெண்கள் அல்ல, வேலைப் பிரிவுகள். ஜி.எல்-1 என்பது சேர்மானம் ஏதுமற்ற வெறும் கனிம எண்ணெய். ஜி.எல்-5 ஹைப்பாய்டு பற்சக்கரங்களுக்கானது. ஹைப்பாய்டு என்பது 1920களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கார்களில் வந்த ஓர் ஏற்பாடு. பின் அச்சுக்கு விசை கொண்டுவரும் தண்டை அச்சின் மையத்துக்குக் கீழே இறக்கினால் காரின் தரையையும் இறக்கலாம். ஆனால் அப்படி விலகி நிற்கும் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு, கடும் அழுத்தத்தில் நீளவாக்கில் இழுபடவும் செய்கின்றன. சாதாரண எண்ணெய்ப் படலம் அங்கே கிழிந்துபோகும். அதனால் கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட சேர்மானங்களைக் கலந்தார்கள். அழுத்தமும் சூடும் உச்சத்தை எட்டும் புள்ளியில் அவை எஃகோடு வினைபுரிந்து மெல்லிய ஒரு தோலை உண்டாக்கும். தேய்வது அந்தத் தோல், எஃகு பிழைக்கும். ஜி.எல்-4 எண்ணெயில் இதே சேர்மானம் பொதுவாகப் பாதியளவே இருக்கும்.

அம்பாசடர், ஆம்னி போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளில் கியர் பெட்டி வேறு, பின் அச்சின் கூடு வேறு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்ணெய்த் துளை. மாருதி 800-இல் இன்ஜின் குறுக்காக வைக்கப்பட்டு முன்சக்கரங்களே இயக்கப்படுகின்றன. டிஃபரன்ஷியலும் கியர் பெட்டிக்குள்ளேயே அடக்கம். அங்கே இருப்பவை சாதாரணச் சாய்பல் சக்கரங்கள். ஹைப்பாய்டு என்பது அந்த வண்டியில் எங்குமே இல்லை. இல்லாத ஒரு பற்சக்கரத்தைக் காப்பாற்ற, இருந்த வளையங்களை நான் பலிகொடுத்தேன்.

கந்தகத்துக்கும் செம்புக்கும் உள்ள உறவு நம் வீடுகளுக்குப் புதிதல்ல. செம்பும் பித்தளையும் வெள்ளியும் காற்றிலுள்ள சிறிதளவு கந்தகத்துக்கே கறுக்கின்றன. அதற்காகத்தான் புளியும் சாம்பலும். எண்ணெய் தயாரிப்பாளர்களிடமும் இதற்கு ஒரு சோதனை உண்டு. பளபளப்பாகத் தேய்த்த செப்புத் தகட்டைச் சூடான எண்ணெயில் சில மணிநேரம் போட்டுவைத்து, எடுத்து, எவ்வளவு கறுத்தது என்று நிற அட்டையோடு ஒப்பிடுவார்கள். இன்று தயாராகும் ஜி.எல்-5 எண்ணெய்கள் பலவற்றில் கந்தகத்தின் முரட்டுத்தனத்தை அடக்கியே கலக்கிறார்கள். இரண்டுக்கும் பொருந்தும் என்று அச்சிட்டு விற்பவையும் உண்டு. ஆகவே ஐந்தை ஊற்றினால் பித்தளை கரைந்துவிடும் என்று பட்டறைகளில் சொல்வது கொஞ்சம் மிகைதான். என் வண்டியில் முதன்மையான குற்றவாளி அரிப்பு அல்ல, வழுக்கல் என்றே நினைக்கிறேன். வழுக்கிய வளையத்தை நான் பல மாதங்கள் வலுவில் தள்ளித் தேய்த்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடத் தேய்மானமும் அந்தத் தட்டில் இருந்திருக்கும்.

இங்கே ஒரு கிளைக்கதை. கந்தகச் சேர்மானங்களுக்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தவற்றுள் ஒன்று திமிங்கில எண்ணெய். மெல்வில் 1851-இல் வெளியிட்ட 'மோபி டிக்' நாவலில் எந்தத் திமிங்கிலத்தைத் துரத்திக் கடல்கள் தோறும் அலைகிறார்களோ, அதே ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். அந்த நாவலின் காலத்தில் அது விளக்கெரித்தது. மண்ணெண்ணெய் வந்து விளக்கின் தேவை ஓய்ந்த பின்னும், கந்தகமேற்றப்பட்டுப் பற்சக்கரங்களுக்கு நடுவே போய்ச் சேர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடைசெய்தபோது மாற்று தேடி, பாலைவனப் புதர் ஒன்றின் விதையெண்ணெய்வரை சென்றார்கள்: ஹொஹோபா. இன்று தலைமுடிக்குத் தடவ விற்கிறார்கள். நாவலை நான் இரண்டுமுறை படித்திருக்கிறேன். அது கார்களின் கியர் பெட்டிவரை வந்து முடிகிறது என்பது எனக்குத் தெரியாது.

மீதமிருப்பது மற்ற எண்கள். 90 என்றதும் இன்ஜின் எண்ணெயின் 40-ஐவிட இருமடங்கு தடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். கியர் எண்ணெயின் 90, இன்ஜின் எண்ணெயின் 40-க்கும் 50-க்கும் ஏறத்தாழ ஒத்த பாகுநிலைதான். பழைய ஹோண்டா கார்களின் கியர் பெட்டிக்கு இன்ஜின் எண்ணெயையே ஊற்றச் சொன்னார்கள். 1959-இல் வந்த பிரிட்டிஷ் மினியில் இன்ஜினும் கியர் பெட்டியும் ஒரே எண்ணெயில்தான் குளித்தன. 'டபிள்யூ'வுக்கு முன்னுள்ள எண் குளிரைக் குறிக்கிறது. 80டபிள்யூ என்பதைச் சுழியத்துக்குக் கீழே 26 பாகையில் சோதிக்கிறார்கள். 75டபிள்யூ என்பதை 40 பாகையில். கோயம்புத்தூரில் அந்தக் குளிர் வரப்போவதில்லை என்றாலும், மார்கழிக் காலையில் வண்டி எடுத்த முதல் பத்து நிமிடம் 75 சற்று இளகியே இருக்கும். தேய்ந்த வளையங்களுக்கு அது ஒத்தாசை. பாயிடம் கேட்டேன். "நாலு போடுங்க, மத்தது உங்க இஷ்டம்" என்றார். 75டபிள்யூ-90, ஜி.எல்-4 வாங்கினேன். பக்கத்துளையில் குழாய் வைத்து, எண்ணெய் வழிந்து சொட்டும்வரை ஊற்றினார். இரண்டு லிட்டர் அளவு. நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச்சொல்லி, அதையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினார். பழைய எண்ணெயின் மிச்சம் போகவேண்டுமாம்.

கடி பெருமளவு குறைந்தது. முற்றிலும் நிற்கவில்லை. குளிர்ந்த வண்டியில் முதல் இரண்டு மூன்று முறை இன்னும் முனகும். தேய்ந்த பித்தளை திரும்பி வளராது. பெட்டியைத் திறந்து வளையம் மாற்றலாமா என்றேன். "இப்ப எதுக்கு? மெதுவா இறக்குங்க, இன்னும் பல வருசம் வரும்" என்றார் பாய்.

அன்றிரவு அப்பாவின் டைரியை எடுத்தேன். 2003-ஆம் வருடத்துப் பக்கத்தில், சிறிய நேரான எழுத்தில்: கியர் ஆயில் மாற்றியது, ஜி.எல்-4, பிறகு கிலோமீட்டர். 2010-இல் மறுபடி அதே வரி. சாவியோடு இதுவும் என் கையில்தான் இருந்தது. கீழே அன்றைய தேதியிட்டு நானும் ஒரு வரி எழுதினேன். ஜி.எல்-5 ஊற்றிய தேதியையும் எழுதவேண்டுமா என்று கொஞ்சநேரம் யோசித்தேன். எழுதினேன். அப்பாவால் அதைப் படிக்க முடியாது. ஆகவே மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது வாயாலும் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "ரிங் எவ்வளவு தேஞ்சிருக்காம்?" என்றார். "திறந்து பார்த்தாத்தான் தெரியும்ப்பா." "திறக்க வேண்டாம்" என்றார்.

2020 பிப்ரவரியில் மறுபடி வால்பாறைக்குப் போனோம். ஆழியாற்றில் காலைச் சிற்றுண்டி முடித்து ஏறத் தொடங்கினேன். முதல் வளைவுக்கு முன் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்சிலேட்டரைத் தட்டினேன். அதிகமாகத் தட்டிவிட்டேன், வண்டி உறுமியது. இரண்டாவது கியர் ஒரு குலுக்கலோடு விழுந்தது. அப்பா சிரித்தார். "கம்மியா" என்றார். நான்காவது வளைவில் குறைவாகிவிட்டது. ஏழாவதில் சரியாக வந்தது. விரலால் தொட்டவுடன் கியர் தானாக உள்ளே இறங்கியதுபோல் இருந்தது. அப்பாவின் இடது கால் எனக்கு அரை நொடி முன்னால் கால்மிதியை அழுத்திக்கொண்டே வந்தது. ஒன்பதாவது வளைவில் நிறுத்தினேன். பாறைமேல் இரண்டு வரையாடுகள் நின்றன. சொன்னேன். எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார்.